ஆம்ப்பின் வயரைச் சுற்றி வைத்தது யார்?

பேய், ஆவி என்று யாராவது என் வீட்டில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தால், காபி கொடுத்து சீக்கிரம் அனுப்பிவைக்கிற ரகம் நான். விழுப்புரத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறேன். எதற்கும் ஒரு காரணம் இருக்கும், அது நமக்கு இன்னும் தெரியாமல் இருக்கலாம், அவ்வளவுதான் என்று வருஷா வருஷம் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருப்பவள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள்தான், ஆனால் அங்கேயும் யாராவது தரிசனம் கண்டேன் என்று சாட்சி சொல்ல எழுந்தால் என் கண் கைக்கடிகாரத்துக்குப் போய்விடும். நீங்கள் சிரிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். சிரியுங்கள், ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள். இதைச் சொல்லும்போது எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம் வருகிறது, நடுவில் யாரையாவது திட்டினால் அதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் பியூலாவுக்கு பேஸ் கிட்டார் மேல் ஆசை வந்தது கல்லூரி இரண்டாம் வருடத்தில். எங்கள் சர்ச் பாடகர் குழுவில் பேஸ் வாசித்துக்கொண்டிருந்த பையன் ஓசூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். குழுவை நடத்துகிற எட்வின், யாராவது கற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்க, இவள் கையைத் தூக்கிவிட்டாள். கிட்டார் என்றால் ஆறு கம்பி, விரலால் தட்டினால் அழகாக ஏதாவது கேட்கும் என்றுதான் நானும் நினைத்தேன். இது நாலே கம்பி, தடித் தடியாக, கயிறு மாதிரி. வாசித்தால் காதில் கேட்பதைவிட வயிற்றில்தான் அதிகம் கேட்கும். பக்கத்து வீட்டு அம்மாள், "பொட்டப்புள்ளைக்கி கீபோர்டு வாங்கிக் குடுக்கறது தானே டீச்சர்" என்று கேட்டதுமே, வாங்கினால் பேஸ்தான் என்று நான் முடிவு செய்துவிட்டேன். என் கோபம் எனக்குச் செய்த முதல் கெடுதல் அதுதானோ என்னவோ.

முதலில் ஏமாந்தது ஆன்லைனில். கிட்டாருக்கான சின்ன ஆம்ப் ஒன்றை, அதாவது சத்தத்தைப் பெருக்குகிற ஸ்பீக்கர் பெட்டியை, பேஸுக்கும் சேரும் என்று போட்டிருந்ததை நம்பி வாங்கினோம். தாழ்ந்த சுரம் கேட்க வேண்டுமென்றால் ஸ்பீக்கர் நிறையக் காற்றைத் தள்ள வேண்டும், அதற்குப் பெரிய ஸ்பீக்கரும் கனமான பெட்டியும் வேண்டும். பாடமாகக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், வாங்கும்போது மூளை வேலை செய்யவில்லை. அந்தக் குட்டிப் பெட்டி சில வாரம் பிளாஸ்டிக் குடத்தைத் தட்டுகிற மாதிரி சத்தம் போட்டது, பிறகு ஸ்பீக்கரின் காகிதம் கிழிந்து கரகரவென்று இருமத் தொடங்கியது. பியூலா அதற்குப் பிறகுதான் விஷயத்தில் இறங்கினாள். வீடியோ வீடியோவாகப் பார்த்தாள். பதினைந்து இஞ்ச் ஸ்பீக்கர் வேண்டும், வழவழப்பான கம்பி போட்டால் விரல் தேயாது, கழுத்து வளைந்திருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் பாடம் நடத்தினாள்.

புதிதாக வாங்க நமக்குக் கட்டுப்படியாகாது, திண்டிவனத்தில் தயாளன் என்று ஒருவர் கச்சேரிக் குழுக்களின் பழைய சாமான்களை விற்கிறார் என்று எட்வின்தான் சொன்னான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தெருவில், முன்பாதி கடை, பின்பாதி வீடு. அங்கே இவளுக்குப் பிடித்த மாதிரியே ஒரு பேஸ், பழுப்பு நிறத்தில், ஓரமெல்லாம் பெயின்ட் உதிர்ந்து. கூடவே இடுப்பளவு உயரத்தில் கறுப்பு ஆம்ப். பியூலா ஒவ்வொரு கட்டையிலும் விரலை வைத்து வாசித்துப் பார்த்தாள், குமிழ்களைத் திருகி கரகரக்கிறதா என்று காதைக் கொடுத்தாள். எல்லாம் சரி, ஆனால் ஆம்ப்பைப் போட்டதும் ம்ம்ம் என்று தேனீக் கூடு மாதிரி ஓர் இரைச்சல், வாசிக்காதபோதும்.

"இந்த ஹம் இருந்தா சர்ச்ல திட்டுவாங்க அண்ணா" என்றாள் பியூலா.

"அது ஒரு மேட்டரே இல்ல பாப்பா. இன்னிக்கி வெச்சிட்டுப் போங்க, நான் பாத்து வெக்கிறேன். அடுத்த வாரம் வந்து கேளு, கோயில் மாதிரி அமைதியா இருக்கும்."

அடுத்த வாரம் போனோம். அமைதியாகத்தான் இருந்தது. என் தொழில் புத்தி, பிளக்கை எடுத்துப் பார்த்தேன். மூன்று பின். பெரிய எர்த் பின்னும் பளிச்சென்று இருந்தது. திருப்தியாகத் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போதும் அந்த ஆளின் கடைக்குப் போய் ஷட்டரை இழுத்துச் சாத்த வேண்டும் போல இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

ஆம்ப்பை ஹாலின் மூலையில் வைத்தோம். சாயங்காலம் டீ குடித்ததும் பியூலா வாசிக்க உட்காருவாள், அடுக்களையில் தட்டுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நடுங்கும். நன்றாகவே வாசித்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். குழுவில் அவள் வாசிக்க ஆரம்பித்த பிறகு பாட்டுக்குக் கால் முளைத்த மாதிரி இருந்தது.

ஒருநாள் பள்ளியிலிருந்து திரும்பி வீட்டைத் திறக்கிறேன். காலையில் பூட்டினது பூட்டினபடி. என் கணவர் ஜெயசீலன் கூட்டுறவு வங்கியில், பியூலா கல்லூரியில். ஆம்ப்பின் வயர் சுவரிலிருந்து பிடுங்கப்பட்டு, வட்டமாகச் சுற்றி, ஆம்ப்பின் தலையில் வைக்கப்பட்டிருந்தது. அதில் எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. பரவாயில்லையே, பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டதே என்று நினைத்தேன். சாயங்காலம் அவளிடம் அதைச் சொன்னால், "நான் எங்கமா சுத்துனேன்? காலைல பஸ்ஸுக்கு லேட்டாயிடுச்சினு அப்டியே போட்டுட்டு ஓடினேன்" என்கிறாள்.

அந்தச் சுற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் வயர் சுற்றுவதென்றால், உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் நடுவில் வரட்டு வரட்டென்று இழுத்துச் சுற்றி, கடைசியில் ஒரு முடிச்சு. எல்லார் வீட்டிலும் அப்படித்தான். இது அப்படி இல்லை. ஒவ்வொரு வளையமும் சாப்பாட்டுத் தட்டு அளவு, ஒன்றுக்குமேல் ஒன்று பிசகாமல். ஒரு வளையம் மேலாக வந்தால் அடுத்தது உள்பக்கமாகத் திரும்பிப் போயிருந்தது, அதனால் வயரில் ஒரு முறுக்குகூட இல்லை. கடைசி நுனியை வைத்தே கட்டி, பிளக்கை வளையங்களுக்கு உள்ளே, பின்கள் யார் கையிலும் குத்தாதபடி உள்நோக்கிச் சொருகியிருந்தது. பியூலா அதைப் போட்டோ எடுத்து எட்வினுக்கு அனுப்பினாள். மேடையில் வேலை செய்து பழகினவர்கள்தான் இப்படிச் சுற்றுவார்கள், வயர் சீக்கிரம் கெடாது, நீ எங்கே கற்றுக்கொண்டாய் என்று அவன் அவளையே கேட்டான்.

"எலியா இருக்கும்" என்றார் என் கணவர்.

"எலி வயர கடிக்கும். சுத்தி வெக்குமா?"

"அப்ப நீயே சுத்திட்டு மறந்திருப்ப. பரீட்ச பேப்பர் திருத்தற டைம்ல நீ மனுஷியாவா இருக்கற?"

அன்று இரவு சாப்பாட்டை நான் அவருக்குப் பரிமாறவில்லை.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறு, மூன்று பேரும் சேர்ந்தே சர்ச்சுக்குப் போய் சேர்ந்தே வந்தோம், மறுபடி அதே சுற்று. நான் வீட்டுச் சாவி யார் யாரிடம் இருக்கிறது என்று விசாரித்தேன், பூட்டை மாற்றினேன். பூட்டு மாற்றிய பிறகு வந்த சனிக்கிழமை, நான் அடுக்களையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருக்கிறேன், ஹாலில் பியூலா வாசித்துக்கொண்டிருக்கிறாள், பட்டப்பகல். அவள் நிறுத்திவிட்டுக் குளிக்கப் போனாள். பாத்ரூமில் தண்ணீர் விழுகிற சத்தமும் அவள் பாடுகிற சத்தமும் கேட்கிறது. உப்பு டப்பாவை எடுக்க ஹாலைத் தாண்டிப் போன நான் பார்க்கிறேன், வயர் சுற்றி வைத்திருக்கிறது. வெளிக்கதவு உள்தாழ்ப்பாள் போட்டபடி.

எனக்கு அப்போது பயம் வரவில்லை. நம்புவீர்களோ மாட்டீர்களோ, கோபம்தான் வந்தது, என் வீட்டில் யாரோ என்னைக் கேட்காமல் வேலை செய்கிறார்கள் என்கிற கோபம். "யாரு அது?" என்று வெறும் ஹாலைப் பார்த்துக் கத்தினேன். பாத்ரூமிலிருந்து பியூலா, "இன்னாமா, கேஸ்காரனா?" என்று கேட்டாள்.

இதற்கு நடுவில் இன்னொன்று நடந்திருக்கிறது, அது என் காதுக்கு வரவில்லை. வீடு துடைத்த ஈரத்தில் வெறுங்காலோடு நின்று வாசித்தபோது கம்பியில் சுள்ளென்று ஏதோ இழுத்ததாக பியூலா அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். "புது வாத்தியம்னா அப்டி தான்மா இருக்கும், ஒண்ணும் ஆவாது" என்று அந்த மனிதர் பேப்பர் படித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். ஒரே வீட்டில் கரண்டைப் பற்றிப் பாடம் எடுக்கிறவள் ஒருத்தி இருக்கிறாள், அவளிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. இதற்காக நான் அவரை இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கச் சொல்லி போதகர் சொன்னார், அவரிடமும் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

திண்டிவனத்தைத் தாண்டி ஒரு கிராமத்தில் அறுப்பின் பண்டிகை. எங்கள் குழுவைப் பாட அழைத்திருந்தார்கள். அறுப்பின் பண்டிகை என்றால், நிலத்தில் விளைந்ததையெல்லாம் சர்ச்சுக்குக் காணிக்கையாகக் கொண்டுவந்து குவிப்பார்கள், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை, கேப்பை, பூசணி, கட்டிய காலோடு சேவல். ஆராதனை முடிந்து அதையெல்லாம் ஏலம் விடுவார்கள், ஏலத்துக்கு நடுவே பாட்டு. காலையில் ஒரு மழை பெய்து ஓய்ந்திருந்தது. வெளியே போட்ட பந்தல், பலகை மேடை, மேடையில் விரித்திருந்த ஜமுக்காளம் தண்ணீரை உறிஞ்சிப் பிழிந்தால் சொட்டும்போல இருந்தது. ஆராதனை நடக்கிற இடம் என்பதால் எல்லாரும் செருப்பைக் கீழே கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் மேடையில் ஏற வேண்டும். பியூலாவும் கழற்றிவிட்டு ஏறினாள். எங்கள் ஆம்ப்பை மேடையின் பின்னால், துணித் தட்டியை ஒட்டி வைத்திருந்தார்கள். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

முதல் பாட்டுக்கு அவள் பின்னால் நின்று வாசித்தாள், ஒரு தொந்தரவும் இல்லை. இரண்டாவது பாட்டில் அவள் வாசித்துக்கொண்டே சேர்ந்தும் பாட வேண்டும். மைக்கை நோக்கி நடந்தாள். இன்னும் இரண்டடி இருக்கும்போது பேஸ் சத்தம் பொட்டென்று நின்றது.

எட்வின் திரும்பிப் பார்த்தான். ஆம்ப்பின் தலையில் வயர் சுற்றி வைத்திருந்தது.

ஆம்ப்புக்கும் தட்டிக்கும் நடுவில் ஆள் நுழைய இடமில்லை.

"யாருப்பா பிளக்க புடுங்கறது? வெளையாட்டா கீதா ஒங்களுக்கு?" என்று மைக்கிலேயே கத்தினான் எட்வின்.

மேடைக்குப் பக்கத்தில், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சர் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்த சவுண்டு சர்வீஸ்காரர், "என்ன ஏன் மொறைக்கிற? நான் மிக்சர் கிட்ட ஒக்காந்துகினு கீறேன், எனக்கு இன்னா நாலு கையா?" என்று கத்தினார். கூட்டம் சிரித்தது. அவரே ஏறி வந்து மறுபடி செருகிவிட்டுப் போனார். பாட்டு ஆரம்பித்தது. பியூலா மைக்குக்கு நடந்தாள். மறுபடி நின்றது. மறுபடி சுற்று, தட்டு அளவு, பின்கள் உள்ளே. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. எட்வின் கண்ணை மூடிக்கொண்டு, "பிசாசு தட பண்றான், எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்லுங்க" என்று ஆரம்பித்துவிட்டான். பியூலா நடு மேடையில், எல்லாரும் அவளையே பார்க்க, முகம் சுருங்கி நிற்கிறாள். அழப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. என் மகளைச் சபையில் நிறுத்தி விளையாடுவது மனிதனோ பிசாசோ, எதுவாக இருந்தாலும் இன்று என்னிடம் வாங்கிக்கட்டிக்கொள்ளட்டும் என்று மேடைமேல் ஏறினேன். "யம்மா, செருப்ப கழட்டிட்டு ஏறும்மா, அறிவில்ல?" என்று பின்னாலிருந்து யாரோ ஒரு பெரியவர் கத்தினார். நான் கழற்றவில்லை. வயரை அவிழ்த்து, பிளக்கைச் செருகி, அப்படியே உள்ளங்கையை அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டேன்.

"நீ வாசிடி. நான் புடிச்சிக்கினு இருக்கேன், யாரு புடுங்கறான்னு பாக்கலாம்."

அவள் வாசித்தாள். ஆம்ப்பின் அதிர்வு என் பாதத்தில் தெரிந்தது. மைக்கை நோக்கி ஓர் அடி வைத்தாள், அடுத்த அடி வைத்தாள். பாட வாயைத் திறந்தாள்.

அப்போது என் கைக்குக் கீழே வயர் இழுபட்டது. வெடுக்கென்று பிடுங்கியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு நடுக்கம் இருந்திருக்காது. மெதுவாக, இரண்டு முறை. ஒரே வேலையை இரண்டு பேர் பார்க்கும்போது, ஒருவர் மற்றவரிடம் வாயைத் திறக்காமல், கொஞ்சம் விடுங்க என்று இழுப்பார்களே, அப்படி. அதில் பகையே இல்லை. என் விரல்கள் தாமாகவே விட்டன. நான் விடவில்லை, சத்தியமாக நான் விடவில்லை, விரல்கள் விட்டன.

"மா, சவுண்டு போச்சு" என்றாள் பியூலா. அவளைப் பார்க்க ஒரே ஒரு தடவைதான் கண்ணை எடுத்தேன். திரும்பினால் வயர் ஆம்ப்பின் தலையில் சுற்றியிருந்தது.

அவள் உதட்டுக்கும் மைக்குக்கும் நடுவில் ஒரு விரல்கூட நுழையாது. ஏன் அப்படித் தோன்றியது என்று கேட்காதீர்கள், ஈர ஜமுக்காளமும் அவளுடைய வெறுங்காலும் அந்த இரும்பு மைக்கும் ஒன்றாகக் கண்ணில் பட்டபோது எனக்குள் ஏதோ கணக்கு ஓடியது. "அசையாத, நில்லு. மைக்க தொடாத" என்று கத்தினேன். அவள் சிலையாக நின்றாள். கிட்டாரைக் கழற்றி ஸ்டூலில் வைக்கச் சொன்னேன், அவளை மேடையை விட்டுக் கீழே அனுப்பினேன். சவுண்டு சர்வீஸ்காரரிடம் டெஸ்டர் கேட்டு வாங்கினேன். ஆம்ப்பை நானே செருகி, டெஸ்டரின் நுனியைக் கிட்டாரின் தடித்த கம்பியில் வைத்தேன்.

விளக்கு எரிந்தது. பந்தல் நிழலில் செக்கச்செவேலென்று எரிந்தது.

"ஐயோ, கம்பில கரண்டு பாயுதுப்பா" என்றார் சவுண்டு சர்வீஸ்காரர். "வாய் மட்டும் மைக்ல பட்டிருந்தா..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து பிடுங்கி, திருகிப் பிரித்தேன். வெளியே மூன்று பின். உள்ளே எர்த்துக்கான பச்சை வயர் வெட்டப்பட்டு, நுனியில் டேப் ஒட்டி மடித்து வைத்திருந்தது. ஹம் சத்தம் போக வேண்டும் என்று, கரண்ட் ஒழுகுகிற பழைய ஆம்ப்பில் எர்த்தைத் துண்டித்திருக்கிறான் அந்த ஆள். கசிகிற கரண்ட் பூமிக்குப் போக வழியில்லாமல் ஆம்ப்பின் உடம்பில் ஏறி, அங்கிருந்து கிட்டாரின் கம்பிக்கும் என் மகளின் விரலுக்கும் வந்து, காலுக்குக் கீழே பலகை தடுத்ததால், எர்த் ஆகியிருந்த மைக்கில் அவள் உதடு படுவதற்காகக் காத்திருந்திருக்கிறது.

போதகர் ஓடி வந்தார். "கர்த்தர் தம்முடைய தூதனை அனுப்பிக் காத்தாரும்மா" என்றார். எட்வினும் கையைத் தூக்கி, "ஆமென், தேவதூதன்" என்றான்.

"அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடி பிசாசுன்ன? இப்ப தேவதூதனா?" என்று அவனிடம் பாய்ந்தேன். "புள்ளய ஈரத்துல வெறுங்காலோட நிக்க வெச்சி மைக்க வாய்ல குடுத்தவன் நீ. பேசாத."

கீழே ஒருவர் மல்லாட்டை மூட்டைக்கு ஏலம் கேட்க ஆரம்பித்துவிட்டார். வாழ்க்கை எவ்வளவு சீக்கிரம் நம்மைத் தாண்டிப் போகிறது என்று அன்றுதான் பார்த்தேன்.

சாமான் ஏற்றி வந்த வேனிலேயே நேராகத் திண்டிவனம் போனோம், டிரைவரிடம் ஆம்ப்பைத் தயாளன் கடையில் இறக்கச் சொன்னேன். வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. பிரித்த பிளக்கைத் தயாளனின் மேஜைமேல் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், கொஞ்சம்கூடக் கூச்சப்படவில்லை.

"எல்லாரும் பண்றது தான் மேடம். ஹம் வருது ஹம் வருதுன்றாங்க, எர்த்த எடுத்தா போயிடும். இத்தினி வருசமா பண்ணிக்கினு தான் இருக்கோம், யாருக்கு இன்னா ஆச்சி?"

"எடுத்துட்டேன்னு சொன்னியா நீ? எர்த் பின்ன மட்டும் விட்டு வெச்ச. பாக்கறவ நம்பணும்னு விட்டு வெச்ச."

"இல்ல மேடம், மூணு பின் சாக்கெட்ல கெட்டியா நிக்கும்னு..."

என்னென்ன சொன்னேன் என்று நினைவில்லை, பியூலா என் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கியதும், இதை விற்றவன் எப்படிச் செத்தான் என்று கேட்டேன். நானேதான் கேட்டேன், இயற்பியல் டீச்சர். நீங்களும் இப்போது அதைத்தான் நினைத்துக்கொண்டிருப்பீர்கள், எவனோ ஒரு பேஸ் வாசிப்பவன் மேடையில் ஷாக் அடித்துச் செத்திருப்பான், அவனுடைய ஆவி என்று. எனக்கும் அப்படி ஒரு காரணம் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

தயாளன் விழித்தார். "சாவறதா? எங்க மச்சான் தான் மேடம் வித்தது. புதுசா பெட்டி பிரிச்சி வாங்கினான். உள்ள தூங்கிக்கினு கீறான். டேய் குமாரு!"

உள்ளேயிருந்து லுங்கியை இறுக்கிக்கொண்டே ஒரு மனிதர் கொட்டாவியோடு வந்தார்.

"நீ செத்துட்டியானு கேக்கறாங்கடா."

"யாரு? நானா?" அவர் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "வட்டிக்காரனுக்கு அப்டி எதனா சொல்லி வெச்சிட்டியா மாமா?"

அது வேறு யார் சாமானும் இல்லை, அவரைத் தவிர யாரும் வாசித்ததும் இல்லை, அவர் வீட்டில் வயர் போட்டது போட்டபடி கிடக்குமாம். இருவரையும் என் எதிரில் ஒரு வயரைச் சுற்றிக் காட்டச் சொன்னேன். பைத்தியக்காரி என்று நினைத்திருப்பார்கள், ஆனால் என் முகத்துக்குப் பயந்து சுற்றினார்கள். இருவரும் முழங்கையில்தான் சுற்றினார்கள், எங்கள் வீட்டு மாதிரியே, வரட்டு வரட்டென்று.

ஆம்ப்பை அங்கேயே போட்டுவிட்டு வந்தோம். பேஸை பியூலா விடவில்லை, அது என்ன பாவம் செய்தது என்று அழுதாள். சர்ச்சில் நான் நின்று எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கொடுத்த பிறகு, அங்கேயுள்ள மிக்சரில் நேராகச் செருகி வாசித்தாள். வயரை யாரும் பிடுங்கவில்லை. எனக்கு உள்ளூர ஒரு விளக்கம் உருவாகியிருந்தது. அது என்னவோ, எனக்குத் தெரியாத ஒன்று, என் மகளுக்கு ஆபத்து வந்தபோது வந்தது, ஆபத்து போனதும் போய்விட்டது. போதகர் வைத்த பெயரை நான் வைக்க மாட்டேன், ஆனால் நன்றி சொல்லத் தயாராக இருந்தேன். ஒருநாள் ஹாலில் யாரும் இல்லாதபோது சொல்லவும் செய்தேன்.

பியூலா மேற்படிப்புக்குச் சென்னைக்குப் போனாள். விடுதி அறை சின்னது, பேஸ் எங்கள் வீட்டு அலமாரிமேல் உறை போட்டுக் கிடக்கிறது. காபி போட்டுக்கொள்ள ஒரு எலெக்ட்ரிக் கெட்டில் நான்தான் புதிதாக வாங்கிக் கொடுத்தேன். போன வருஷம் ஒரு மதியம் அவளிடமிருந்து போட்டோ வந்தது. கெட்டிலின் வயர். தட்டு அளவு வளையங்கள், ஒன்று மேலாக, ஒன்று உள்ளாக, பிளக்கின் பின்கள் உள்நோக்கி.

தொடாதே என்று போனில் கத்தினேன். கிடைத்த பஸ்ஸில் ஏறிப் போய் அந்தக் கெட்டிலைப் பறித்துக்கொண்டு வந்தேன். எங்கள் பள்ளி ஆய்வகத்தில் வைத்து அதன் வயரை, அடிப்பாகத்தை, எல்லாவற்றையும் சோதித்தேன். விடுதி எலெக்ட்ரீஷியனை வைத்து அறையின் சாக்கெட்டை, எர்த்தைப் பார்க்கச் சொன்னேன். ஒரு கோளாறும் இல்லை. ஒரு துளிக் கசிவும் இல்லை. நம்பாமல் வேறு ஆளை வைத்தும் பார்த்தேன், அவரும் அதையேதான் சொன்னார், என்ன மேடம் பிரச்சனை என்று என்னையே திருப்பிக் கேட்டார். கம்பியில் கரண்ட் இருந்தபோது சுற்றியது சரி. எந்தக் குறையும் இல்லாத ஒன்றை எதற்காகச் சுற்ற வேண்டும்? எந்த ஆபத்து என்று யாரிடம் கேட்பது? இதைக் கேட்டால் என் கணவர், "நல்லது தானே பண்ணுது, விடேன்" என்கிறார். அவருக்கு எல்லாமே விடேன்தான்.

வேறு கெட்டில் வாங்கிக் கொடுத்தேன். போன வாரம் பியூலா போனில் பேசிக்கொண்டிருந்தாள், பரீட்சை, மெஸ் சாப்பாடு, ஏதேதோ. கெட்டிலை உபயோகித்ததும் பிளக்கைப் பிடுங்கி வைக்கிறாயா என்று வழக்கம்போலக் கேட்டேன்.

"நான் எங்கமா புடுங்கறேன்" என்றாள். "காபி குடிச்சிட்டு கப்பு கழுவ போனா, வர்றதுக்குள்ள சுத்தி வெச்சிடுது. இப்பல்லாம் நான் அது பக்கமே பாக்கறதில்ல."

சிரித்துக்கொண்டே சொன்னாள்.